நின்றது, எரிந்தது, மெதுவானது: குளிர்விப்பான் உடைந்த கணினியின் வரலாறு

பிராசசரின் மேல் பொருத்தப்பட்டிருக்கும் குளிர்விப்பான் உடைந்துவிட்டது. புதியது வந்து சேர நான்கைந்து நாட்கள் ஆகும். அதுவரை அந்தக் கணினியை ஓட்டலாமா? பழுதுபார்ப்பவரின் மேசைக்கு மட்டுமே உரிய கேள்வியாக இது தோன்றும். ஆனால் இக்கேள்விக்கான விடை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1960இல் குளிரூட்டல் நின்றால் பொறியும் நின்றது. 1990களின் இறுதியில் அது எரிந்தது. 2000களில் மெதுவாகத் தொடங்கியது. நிற்றல், எரிதல், மெதுவாதல் என்னும் இம்மூன்று வினைச்சொற்களுக்குள் கணினிக்கும் வெப்பத்துக்குமான உறவின் வரலாறு முழுவதும் அடங்கும்.

இவ்வரலாற்றைக் கேரளத்தின் தமிழ் எல்லைப்பகுதிகளில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், மறையூர், பீர்மேடு பகுதிகளிலும் தமிழ்வழியில் பயிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரே மாநிலம், ஒரே பாடத்திட்டம், ஒரே வகைக் கணினி. ஆனால் 2016, 2024 ஆகிய ஆண்டுகளின் ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டின் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. மூணாற்றின் சனவரி இரவுகளிலோ வெப்பநிலை சில ஆண்டுகளில் பூச்சியத்தைத் தொடுகிறது. கணினியின் வெப்பவரம்பை வகுத்தவர்கள் இவ்விரு ஊர்களையும் மனத்தில் வைத்து வகுக்கவில்லை. ஆகவே, ஒரே பழுது இவ்விரு இடங்களிலும் இரு வேறு விளைவுகளைத் தருகிறது.

(‘செயலி’ என்னும் தமிழ்ச்சொல் இன்று கைப்பேசியின் ஆப்பையும் குறிப்பதால், குழப்பம் தவிர்க்க இக்கட்டுரையில் பிராசசர் என்னும் வழக்குச்சொல்லே ஆளப்படுகிறது.)

1. நின்ற காலம்

தொடக்ககாலக் கணினிகளில் குளிரூட்டல் என்பது பொறியின் உறுப்பாக இல்லை. அது கட்டடத்தின் உறுப்பாக இருந்தது. 1946இல் அமெரிக்காவில் வெளியுலகுக்கு அறிமுகமான எனியாக் சுமார் 18,000 வெற்றிடக் குழல்களைக் கொண்டது. ஏறத்தாழ 150 கிலோவாட் மின்சாரத்தை உண்டது. அம்மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்பட்டது. பெரிய காற்றூதிகள் அவ்வெப்பத்தை வெளியேற்றின. அடுக்குகளின் வெப்பம் வரம்பு மீறினால் மின்னைத் துண்டிக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் அதில் இருந்தன.

இந்தியாவிலும் இதே நிலைதான். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1955இல் வந்து சேர்ந்த ஹெக்-2எம் கணினியும், பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையிலான குழு உருவாக்கி 1960இல் முழுமையாக இயக்கத்துக்குக் கொண்டுவந்த டிஃப்ராக் கணினியும் வெற்றிடக் குழல்களால் ஆனவை. டிஃப்ராக்கில் மட்டும் சுமார் 2,700 குழல்கள் இருந்தன. 1973இல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 வந்தபோது குழல்களின் காலம் முடிந்துவிட்டிருந்தது. எனினும் குளிரூட்டப்பட்ட அறை இல்லாமல் அதுவும் இயங்காது.

அக்காலத்தில் குளிரூட்டல் பழுதானால் செய்யவேண்டியது தெளிவாக இருந்தது. பொறியாளர் பொறியை நிறுத்துவார். ஏசி சீராகும்வரை அனைவரும் காத்திருப்பார்கள். தற்காலிகமாக ஓட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அந்நிலையில் ஒரு நேர்மை இருந்தது. பொறி நின்றுவிட்டது என்பதைப் பயனர், இயக்குநர், நிறுவனத் தலைவர் என எல்லோரும் ஒரே கணத்தில் அறிந்தார்கள்.

இந்தக் காலத்தின் எச்சம் தென்னிந்தியப் பள்ளிகளில் நெடுநாள் வாழ்ந்தது. கணினி அறைக்குள் நுழையும்முன் செருப்பைக் கழற்றி வைக்கும் வழக்கத்தை ஒரு தலைமுறை மாணவர் முழுவதும் அறிவர். கோயில் மரியாதையின் நீட்சியாக அதைக் கேலி செய்வதுண்டு. தூசியையும் வெப்பத்தையும் அறைக்கு வெளியே நிறுத்தவேண்டிய பெருங்கணினிக் காலத்து ஒழுங்கே அதன் மூலம். பொறி சிறிதாகி, ஏசி இல்லாத வகுப்பறைக்குள் வந்த பின்னரும் அச்சடங்கு தொடர்ந்தது.

2. எரிந்த காலம்

1978இல் வெளிவந்த இன்டெல் 8086, 1981இல் ஐபிஎம் பிசியில் இடம்பெற்ற 8088 ஆகியவற்றுக்கு ஹீட் சிங்க் கிடையாது. ஓரிரு வாட் வெப்பத்தைச் சில்லின் மேலுறையே காற்றில் கலந்துவிட்டது. 386 வரை இந்நிலை நீடித்தது. 1992இல் வந்த 486டிஎக்ஸ்2-66 உலோகத் தகடுகளால் ஆன ஹீட் சிங்க்கை நாடியது. 1993இன் முதல் பென்டியம் சுமார் 15 வாட்டை வெளியிட்டது. அதன் தலைமேல் விசிறி ஏறியது. 2000இன் இறுதியில் வந்த பென்டியம் 4 தொடக்கத்திலேயே 50 வாட்டைத் தாண்டியது. 2004இன் ‘பிரெஸ்காட்’ வகை 100 வாட்டையும் கடந்தது.

ஏறத்தாழ பத்தாண்டுகளில் கட்டடத்தின் பொறுப்பாக இருந்த குளிரூட்டல், உள்ளங்கை அகல விசிறி ஒன்றின் பொறுப்பாகச் சுருங்கியது. அந்த விசிறியைப் பிடித்து நிறுத்துவது ஒரு பிளாஸ்டிக் சட்டம் அல்லது உலோகக் கொக்கி. ஏஎம்டியின் சாக்கெட் ஏ பலகைகளில் கொக்கி மாட்டும் பிளாஸ்டிக் காது முறிவது பழுதுபார்ப்போர் நன்கறிந்த சிக்கல். 2004இல் வந்த இன்டெல்லின் எல்ஜிஏ775 வகையில் நான்கு பிளாஸ்டிக் முளைகள் பலகையின் துளைகளில் அழுத்திப் பொருத்தப்பட்டன. வெப்பத்தில் காய்ந்தபின் அவை எளிதில் முறிந்தன. பல்லாயிரம் ரூபாய்ப் பொறியின் உயிர், சில ரூபாய் பெறும் பிளாஸ்டிக் முளையில் தொங்கியது.

இங்கே ‘உடைந்தது’ என்னும் சொல்லைப் பிரித்துப் பார்க்கவேண்டும். விசிறி நின்றுபோவது ஒரு பழுது. அப்போது ஹீட் சிங்க்கின் உலோகம் சிறிது நேரம் வெப்பத்தை ஏற்றுக்கொள்ளும். நிமிடக்கணக்கில் அவகாசம் உண்டு. கொக்கி முறிந்து ஹீட் சிங்க் சாய்வது வேறொரு பழுது. சில்லுக்கும் உலோகத்துக்கும் இடையே மயிரிழை அளவு காற்று புகுந்தாலும் வெப்பம் கடப்பது பெரிதும் தடைப்படும், ஏனெனில் காற்று ஒரு நல்ல வெப்பத்தடை. தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோவது மூன்றாவது. இது மாதக்கணக்கில் ஓசையின்றி நிகழும். ஹீட் சிங்க் முற்றிலும் விழுந்துவிடுவது நான்காவது. இதில் அவகாசம் சில நொடிகள் மட்டுமே.

3. 2001 செப்டம்பர்

நான்காவது வகைப் பழுதை வேண்டுமென்றே நிகழ்த்திக் காட்டிய சோதனை ஒன்று இவ்வரலாற்றின் திருப்புமுனை. 2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்ட்வேர் என்னும் இணைய இதழ் அதைக் காணொளியாக வெளியிட்டது. கணினி குவேக் 3 விளையாட்டை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஹீட் சிங்க் கழற்றப்பட்டது. பென்டியம் III உறைந்து நின்றது, ஆனால் பிழைத்தது. ஏஎம்டியின் அத்லான் வகைகள் இரண்டும் சில நொடிகளில் புகைந்து அழிந்தன. பென்டியம் 4 மட்டும் நிற்கவும் இல்லை, எரியவும் இல்லை. காட்சி தயங்கித் தயங்கி நகர்ந்தது. ஹீட் சிங்க்கை மீண்டும் வைத்தபோது பழைய வேகத்துக்குத் திரும்பியது.

ஹீட் சிங்க் தானாக விழுவது அரிது, விசிறி நிற்பதே வழக்கமானது, ஆகவே இது செயற்கையான சோதனை என்னும் மறுப்பு அப்போதே எழுந்தது. மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும், அச்சோதனை வெளிக்கொணர்ந்தது ஒரு நிறுவனத்தின் வெற்றியையோ தோல்வியையோ விடப் பெரியது. வெப்பத்தை எதிர்கொள்ளும் பொறுப்பு யாருக்கு என்னும் கேள்விக்கு மூன்று பொறிகள் மூன்று விடைகளைத் தந்தன. எரிந்த பொறிகளின் வடிவமைப்பில் அப்பொறுப்பு மதர்போர்டுக்கோ பயனருக்கோ விடப்பட்டிருந்தது. பென்டியம் 4இல் சில்லே பொறுப்பேற்றது. வெப்பம் குறித்த வரம்பைத் தொட்டதும் கடிகாரத் துடிப்புகளில் ஏறத்தாழப் பாதியை அது தானே விழுங்கியது. துடிப்பு குறைய வேலை குறைந்தது, வேலை குறைய வெப்பம் குறைந்தது. அதையும் மீறினால் முற்றாக அணைத்துக்கொள்ளும் இரண்டாம் அரணும் இருந்தது.

2003இன் பென்டியம் எம் வகையில் துடிப்போடு மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைக்கும் முறை வந்தது. அதே ஆண்டு வந்த அத்லான் 64இல், மிகை வெப்பத்தில் அணைந்துவிடும் பாதுகாப்பு சில்லுக்குள்ளேயே அமைந்தது. 2004 மே மாதம், மேலும் வேகமும் மேலும் வெப்பமும் கொண்ட ‘தேஜஸ்’ திட்டத்தை இன்டெல் கைவிட்டது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதன் மின்தேவையும் அதே அளவில் குறையும் என்று 1974இல் ராபர்ட் டென்னார்டும் அவர் குழுவினரும் வகுத்த விதி அந்த ஆண்டுகளில் தளர்ந்துவிட்டிருந்தது. அதன்பின் வேகத்தின் எல்லையை முடிவு செய்தது பெருமளவில் வெப்பம்தான்.

குளிர்விப்பான் உடைந்த கணினியைச் சில நாட்கள் ஓட்டலாம் என்று இன்று ஒருவர் எண்ணத் துணிவது இந்த நான்காண்டுகளின் கொடை.

4. தொண்டையும் சுக்கானும்

இந்நிகழ்வுக்கு ஆங்கிலம் சூட்டிய பெயர் த்ராட்டிலிங். தொண்டை என்னும் பொருள்தரும் ‘த்ரோட்’ அதன் வேர். குரல்வளையை நெரித்தல் அதன் முதற்பொருள். நீராவிப் பொறியில் ஆவி செல்லும் வழியைக் குறுக்கும் வால்வுக்கு அப்பெயர் ஆகிவந்தது. பிறகு மோட்டார் வண்டிக்கும், இறுதியில் சில்லுக்கும் சென்றது. பாலக்காட்டின் கஞ்சிக்கோட்டில் அமைந்த இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் ஆலை 1970கள் தொட்டு உருவாக்கிவந்த கண்ட்ரோல் வால்வுகள் செய்யும் வேலையும் இதுவே: ஓட்டத்தை அளந்து நெரித்தல். அக்கருத்து குழாயிலிருந்து சிலிக்கானுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது.

நெரிப்பது கை, எவ்வளவு நெரிப்பது என்று முடிவு செய்வது வேறொன்று. அதன் பெயர் கவர்னர். 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவிப் பொறிக்குப் பொருத்திய சுழலும் இரட்டைக் குண்டுகள் இதன் புகழ்பெற்ற வடிவம். இடுக்கியில் முதிரப்புழையாற்றின் நீரால் 1940இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் மின்நிலையத்தின் பெல்டன் சக்கரங்களுக்கும் கவர்னர் உண்டு. சித்தூர்ப் பகுதியின் டீசல் பம்பு செட்டுக்கும் உண்டு. உழவர் அதைக் கவர்னர் என்றே அழைக்கிறார். நூல்தமிழில் ‘ஆளுநர்’ என்றால் ராஜ்பவன் நினைவுக்கு வருவதால் அச்சொல் பொறிக்குப் பொருந்தாமல் போயிற்று.

இச்சொல்லின் வேர் இன்னும் ஆழமானது. கப்பலைச் செலுத்துதல் என்னும் பொருள்கொண்ட கிரேக்க வினையிலிருந்து இலத்தீன் வழியாகக் ‘கவர்னர்’ வந்தது. 1948இல் நார்பர்ட் வீனர் ‘சைபர்னெட்டிக்ஸ்’ என்னும் பெயரை அதே கிரேக்க வேரிலிருந்து ஆக்கினார். பின்னாளில் ‘சைபர்’ என்னும் முன்னொட்டு அதிலிருந்தே பிறந்தது. தமிழின் பழஞ்சொல்லால் கூறினால், கவர்னர் என்பவன் மீகாமன்: காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துச் சுக்கானைத் திருப்புபவன்.

2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் கர்னல் 2.6, பிராசசரின் வேகத்தை மாற்றும் ஏற்பாட்டுக்குக் ‘கவர்னர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது. ‘பெர்ஃபாமன்ஸ்’ என்றால் எப்போதும் உச்ச வேகம்; ‘பவர்சேவ்’ என்றால் எப்போதும் குறைந்த வேகம்; 2004இல் சேர்ந்த ‘ஆன்டிமாண்ட்’ தேவைக்கேற்ப ஏறி இறங்கும். இவற்றை மாற்றும் அதிகாரம் பயனரிடம் இருந்தது. 2001இல் தொடங்கிய கேரளத்தின் ஐடி@ஸ்கூல் திட்டம் அதே பத்தாண்டில் பள்ளிகளைக் குனு/லினக்ஸுக்கு மாற்றியது. ஆகவே, உரிமக் கட்டணமின்றி மென்பொருள் கிடைத்தது என்று மட்டும் அம்மாற்றத்தைச் சுருக்கிவிடக் கூடாது. பொறியின் சுக்கானும் ஆசிரியர், மாணவர் கைக்கெட்டும் தொலைவுக்கு வந்தது.

5. பாலக்காட்டுக் கணக்கும் மூணாற்றுக் கணக்கும்

பிராசசரின் வெப்பநிலையைக் கணிக்கும் அடிப்படைச் சூத்திரம் எளியது. சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையோடு, வெளியிடும் வாட்டையும் குளிர்விப்பானின் வெப்பத்தடையையும் பெருக்கிவந்த தொகையைக் கூட்டவேண்டும். விளக்கத்துக்காகச் சில எண்களைக் கொள்வோம். 65 வாட் பிராசசர். விசிறி ஓடும்போது ஒவ்வொரு வாட்டுக்கும் 0.6 டிகிரி ஏறும், விசிறி நின்றால் 2 டிகிரி ஏறும். பெட்டிக்குள் அறையைவிட 7 டிகிரி கூடுதல். தாங்கும் வரம்பு 95 டிகிரி.

பாலக்காட்டின் பங்குனி மாத நண்பகலில் மின்விசிறி மட்டுமே உள்ள அறை 38 டிகிரி என்றால், பெட்டிக்குள் 45. குளிர்விப்பான் நலமாக இருந்தால் பிராசசர் 84 டிகிரியில் ஓடும். மூணாற்றின் 15 டிகிரி அறையில் அதே பொறி 61 டிகிரியில் ஓடும். பழுதில்லாத நாளில் இந்த வேறுபாட்டை யாரும் உணர்வதில்லை. இரண்டும் முழு வேகத்தில்தான் ஓடுகின்றன.

விசிறி நிற்கட்டும். பாலக்காட்டில் வரம்புக்கு எஞ்சியிருப்பது 50 டிகிரி. அதாவது 25 வாட். மூணாற்றில் எஞ்சியிருப்பது 73 டிகிரி. ஏறத்தாழ 36 வாட். ஆனால் மூணாறு கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 15 விழுக்காடு குறைவு. மெலிந்த காற்று குறைந்த வெப்பத்தையே ஏந்திச் செல்லும். ஆகவே மலையின் குளிர் தரும் ஆதாயத்தில் ஒரு பகுதியை மலையின் உயரமே திருப்பி எடுத்துக்கொள்கிறது. 36 என்பதை 33, 34 என்று கொள்வது பொருத்தம்.

பென்டியம் 4இன் முறைப்படி துடிப்பை மட்டும் பாதியாக்கினால் 65 வாட் 32 ஆகும். மூணாற்றில் அது வரம்புக்குள் அடங்கும். பொறி அரை வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பாலக்காட்டில் அது 25ஐ மீறுவதால் பொறி அணைந்துவிடும். பின்னர் வந்த முறையின்படி துடிப்பைப் பாதியாக்கி, மின்னழுத்தத்தையும் 1.2 வோல்ட்டிலிருந்து 0.9ஆகக் குறைத்தால் நிலைமை மாறும். மின்தேவை அழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 65 வாட் 18 ஆகச் சுருங்கும். அப்போது பாலக்காட்டிலும் பொறி ஓடும். சில்லின் கசிவு மின்னோட்டம் முதலியவற்றை இக்கணக்கு விட்டுவிடுகிறது. ஆயினும் போக்கு இதுவே. குளிர்நாட்டுக்குப் போதுமானதாயிருந்த முதல் பாதுகாப்புமுறை வெப்பநாட்டுக்குப் போதவில்லை; இரண்டாம் முறையே இரண்டுக்கும் பொதுவானது.

நீண்டகால விளைவும் இதனோடு சேர்ந்தது. மின்னோட்டம் உலோகக் கம்பிகளின் அணுக்களை மெல்ல இடம்பெயர்க்கும் வேகம், வெப்பத்தோடு பன்மடங்கு ஏறுவதை 1969இல் ஜேம்ஸ் பிளாக் சமன்பாடாக வடித்தார். வரம்புக்குள்ளேயே இருந்தாலும் 84 டிகிரியில் கழியும் ஆயுளும் 61 டிகிரியில் கழியும் ஆயுளும் ஒன்றல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் வறண்ட கீழைக்காற்று கொண்டுவரும் தூசி ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கிடையே படிகிறது. மலைப்பகுதியின் மழைக்கால ஈரம் அத்தூசியைக் கம்பளிபோல் இறுக்குகிறது.

6. சில நாட்கள் ஓட்டுவதன் முறை

உடைந்த குளிர்விப்பானோடு சில நாட்களைக் கடத்தும் கைம்முறைகள் இந்த இயற்பியலிலிருந்தே பிறந்தவை. கொக்கி முறிந்திருந்தால், நிமிர்ந்து நிற்கும் பெட்டியைப் படுக்கவைப்பது முதற்செயல். அப்போது ஹீட் சிங்க்கின் எடையே அதைச் சில்லின்மேல் அழுத்தும். பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவாமல் மீண்டும் வைப்பது வீண். விசிறி மட்டும் நின்றிருந்தால், பெட்டியைத் திறந்து மேசைவிசிறியின் காற்றைத் தகடுகளை நோக்கித் திருப்பலாம். பயாஸிலோ கவர்னரிலோ வேகத்தை முன்கூட்டியே தாழ்த்துவது, சில்லு வரம்பைத் தொட்டுத் தானே நெரித்துக்கொள்வதைவிட நல்லது. வரம்பில் நின்று மூச்சுவாங்குவதும், வரம்புக்குக் கீழே நிதானமாக நடப்பதும் வேறு வேறு. ஹீட் சிங்க் இல்லாமல் மேசைக் கணினியைத் தொடங்குவது எக்காலத்திலும் எவ்விடத்திலும் கூடாது.

இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. சில்லின் தற்காப்பு சில்லை மட்டுமே காக்கும். கீழ்நோக்கி ஊதும் விசிறியின் காற்றில்தான் பிராசசரைச் சுற்றியுள்ள மின்னழுத்தச் சுற்றுகளும் மின்தேக்கிகளும் குளிர்கின்றன. விசிறி நின்றால் அவையும் சுடும். அவற்றில் பலவற்றுக்குச் சொந்தமாகத் தற்காப்பு இல்லை. 2000களின் தொடக்கத்தில் தரங்குறைந்த மின்தேக்கிகள் உலகெங்கும் வீங்கி வெடித்த காலத்தில் இது பெருஞ்சேதத்துக்கு வழிவகுத்தது. ஆகவே, அச்சில நாட்களின் முதல் வேலை கோப்புகளைப் பிரதியெடுப்பதாகவே இருக்கவேண்டும். களப்பணி ஒலிப்பதிவுகளும் ஆய்வேட்டு வரைவும் அதில் இருந்தால், மற்ற வேலைகள் அதன்பிறகு.

7. இரண்டு எண்கள் எழுதிய தகடு

மின்துறை இச்சிக்கலைக் கணினித்துறைக்கு வெகுகாலம் முன்பே சந்தித்துத் தீர்த்திருக்கிறது. துணைமின்நிலையத்தின் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களில் எண்ணெயின் வெப்பத்தை வெளியேற்ற ரேடியேட்டர்களும், அவற்றின் மேல் விசிறிகளும் இருக்கும். அத்தகைய டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்த்தகட்டில் திறன் இரண்டு எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும்: விசிறியின்றி 10 எம்விஏ, விசிறியோடு 12.5 எம்விஏ என்பதுபோல. எண்ணெயும் காற்றும் இயல்பாகச் சுழல்வதை ‘ஓனான்’ என்றும், விசிறி ஊதுவதை ‘ஓனாஃப்’ என்றும் பொறியாளர்கள் சுருக்கி அழைக்கிறார்கள். விசிறி பழுதானால் பணியிலிருப்பவர் தகட்டைப் பார்த்து, சுமையைக் கீழ் எண்ணுக்குக் குறைத்து, பதிவேட்டில் எழுதிவைத்து, பழுதுபார்ப்பவரை அழைப்பார். பழுதோடு ஓடுவது அங்கே ஒளிவுமறைவற்ற, அளந்து வைக்கப்பட்ட, பதிவு செய்யப்படும் நிலை.

கணினி இதில் பாதியைத்தான் கற்றுக்கொண்டது. பழுதோடு ஓடக் கற்றது. பழுதைச் சொல்லக் கற்கவில்லை. விசிறி நின்ற மடிக்கணினியின் திரையில் பெரும்பாலும் எந்த அறிவிப்பும் தோன்றுவதில்லை. அது மெதுவாகிறது, அவ்வளவே. மெதுவாவதற்கு வைரஸ், பழைய நினைவகம், புதிய மென்பொருளின் சுமை, வயது என ஆயிரம் காரணங்களைப் பயனர் ஊகிக்க முடியும். உண்மையான காரணம் அப்பட்டியலில் கடைசியில் வருகிறது. 2018இல் கேரளத்தின் உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டம் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினிகளைக் கொண்டுசென்றது. அத்தகைய ஒரு கணினி சித்தூரில் சித்திரை வெயிலில் தயங்கினால், ‘பழையதாகிவிட்டது’ என்ற தீர்ப்பு எளிதில் விழும். அடைந்த தூசியைத் துடைப்பதும் ஒரு துளி பேஸ்ட்டும் அதற்குப் போதுமானதாக இருக்கக்கூடும்.

ஆய்வுலகுக்கும் இதில் கவலை உண்டு. உளமொழியியலில் ஒரு சொல்லை அடையாளம் காண எடுக்கும் நேரம் மில்லிநொடிகளில் அளக்கப்படுகிறது. இரண்டு நிரல்களில் எது விரைவானது என்பதும் நேரத்தால்தான் அளக்கப்படுகிறது. அளக்கும் பொறியே வெப்பத்துக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொண்டிருந்தால், காலையில் எடுத்த அளவையும் பிற்பகலில் எடுத்த அளவையும் ஒப்பிடுவது ஐயத்துக்குரியதாகும். ஆய்வேடுகளில் பிராசசரின் பெயரும் நினைவகத்தின் அளவும் எழுதப்படுகின்றன. அறையின் வெப்பநிலை அரிதாகவே எழுதப்படுகிறது. குனு/லினக்ஸில் ‘சென்சார்ஸ்’ என்னும் ஒரு கட்டளை சில்லின் வெப்பநிலையைக் காட்டிவிடும். கேட்டால் பொறி சொல்லும்; கேட்கவேண்டும் என்று அறிந்திருப்பதே கடினம்.

ஓசையின்றி மெதுவாக்குவது சிறிய செய்தியன்று என்பதை வேறொரு நிகழ்வு உலகுக்கு உணர்த்தியது. தேய்ந்த மின்கலம் கொண்ட ஐபோன்களின் வேகத்தைத் தனது மென்பொருள் குறைப்பதை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. திடீரென அணைந்துபோவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக அது விளக்கியது. அங்கே காரணம் வெப்பமன்று, மின்கலம். எனினும், பயனர்களின் சினம் அந்தக் காப்புமுறையின் மீது எழவில்லை. தங்களிடம் சொல்லாமல் செய்ததன் மீது எழுந்தது. அதன்பின் மின்கலத்தின் நலத்தைக் காட்டும் பக்கம் அக்கருவிகளில் சேர்க்கப்பட்டது. டிரான்ஸ்ஃபார்மரின் தகடு ஏறத்தாழ அந்த இடத்தில்தான் கைப்பேசிக்குள் நுழைந்தது.

இன்று தற்காலிக நிலை நிரந்தரமாகியிருக்கிறது. விசிறியே இல்லாத மடிக்கணினிகள் 2020க்குப் பிறகு பரவலாகின. 2022இல் வந்த மேசைப் பிராசசர்கள் சில, 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்று ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. கைப்பேசி ஒவ்வொன்றும் வெயிலில் தன்னைத் தானே நெரித்துக்கொள்கிறது. வேகம் என்று பெட்டியின்மேல் அச்சிடப்படும் எண், குளிர்ந்த அறையொன்றின் வேகம். அதே விலை கொடுத்து வாங்குபவருக்குக் கொழிஞ்சாம்பாறையில் கிடைக்கும் வேகம் வேறு, மறையூரில் கிடைக்கும் வேகம் வேறு.

பெருங்கணினி நின்றபோது அனைவரும் அறிந்தனர். அத்லான் எரிந்தபோது புகை அறிவித்தது. மூன்றாம் காலத்தின் பொறி மற்றவற்றைவிட நெடுநாள் வாழ்கிறது. அதன் நோயை அறிய மட்டும் ஒருவர் அதனிடம் சென்று கேட்கவேண்டியிருக்கிறது. கணினியின் பெட்டியிலும் இரண்டு எண்கள் அச்சிடப்படும் நாள் வரும்வரை, கோடையில் தயங்கும் ஒரு கணினியைக் கழித்துக்கட்டும் முன் அதன் வெப்பநிலையைப் பார்ப்பது பள்ளி ஆய்வகத்துக்கும் பல்கலைக்கழகத் துறைக்கும் குறைந்தபட்சக் கடமையாகும்.